சங்கு ஊதிய ஊரில் 'டிங்' சத்தம்!

விம்கோ நகர்! தென்சென்னையில் இருக்கும் நம்மில் பலருக்கு அது மெட்ரோ ரயிலின் நெற்றியில் ஓடும் ஒரு பெயர், அவ்வளவுதான். விமான நிலையத்திலோ கிண்டியிலோ ஏறி உட்கார்ந்தால் ஒலிபெருக்கியிலும் அந்தப் பெயர் வரும். நாம் பாதியில் இறங்கிவிடுவோம். கடைசி வரை போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்!

அந்தப் பெயருக்குள் ஒரு தீப்பெட்டி ஒளிந்திருக்கிறது, தெரியுமோ? 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதைச் சுருக்கினால் விம்கோ. ஸ்வீடன் தேசத்து முதலீட்டில் 1923-ல் தொடங்கிய கம்பெனி. நம் அம்மா காலத்துக் 'கப்பல்' தீப்பெட்டியும், பிறகு காஸ் அடுப்புப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த 'ஹோம்லைட்ஸ்' பெட்டியும் அவர்களுடையவைதான். திருவொற்றியூரில் அவர்களுக்கு ஓர் ஆலை. ஆலையைச் சுற்றி வீடுகள், வீடுகளுக்கு ஒரு ரயில் நிலையம் என்று ஊர் வளர்ந்தது. 2005-ல் கம்பெனி ஐ.டி.சி. குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது.

என் கல்லூரித் தோழி ஒருத்தி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "ஒரு தடவை வந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போயேன்டி" என்று அவள் கூப்பிடாத வருஷமில்லை. முன்பெல்லாம் பாரிமுனையில் பஸ் பிடித்து, ராயபுரம், தண்டையார்பேட்டை வழியாக, கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்கும் புகைக்கும் நடுவில் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். 2021 பிப்ரவரி 14-ம் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டினார்களோ, பிழைத்தோம். போன புரட்டாசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தண்டையார்பேட்டை வரை பூமிக்கடியில் போகிற ரயில், அதற்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்து பாலத்தின் மேல் ஏறுகிறது. அப்புறம் வேடிக்கைதான்! ஒரு பக்கம் மொட்டை மாடிகள், காயும் துணிகள், இடுக்குகளில் கடல். இன்னொரு பக்கம் புகைபோக்கிகள், கூரைக் கொட்டகைகள். நடுவில் ஒற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் கோபுரம். வடிவுடையம்மனை அங்கிருந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன். கூட வந்த இளம்பெண்கள் ஒருவர் கூட ஜன்னலைப் பார்க்கவில்லை. எல்லோர் தலையும் கைப்பேசியில் கவிழ்ந்திருந்தது. "இவ்வளவு அழகை விட்டுவிட்டு என்ன பார்க்கிறதுகளோ!" என்று மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். அந்தப் பெண்களில் சிலராவது வேலை தேடிக்கொண்டு போயிருப்பார்கள் என்பதைத் தோழி வீட்டில் இரண்டு நாள் இருந்த பிறகுதான் யோசித்தேன்.

தோழியின் கணவர் ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி. ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்குக் காப்பி ஆறுவது கூடத் தெரியாது. எண்ணூரில் 1948-லேயே வந்த அசோக் லேலண்ட் (அப்போது அசோக் மோட்டார்ஸ்), 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1955-ல் புல்லட் மோட்டார் சைக்கிளோடு வந்த என்ஃபீல்டு என்று விரல் விட்டுச் சொன்னார்.

"காலைல சங்கு ஊதினா போதும், ரோடு பூரா சைக்கிள்தான். எங்க காலத்துல வேலைக்கு நாலு வழிங்க. ஒண்ணு, கேட்டுல நோட்டீஸ் ஒட்டுவான். ரெண்டு, டீக்கடையில நியூஸ் வரும். மூணு, யூனியன்காரர் யாராவது தெரிஞ்சிருக்கணும். நாலாவது எம்ப்ளாய்மென்ட் கார்டு. அதை மூணு வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிச்சுப் புதுப்பிச்சே முடி நரைச்சுப் போகும்!" என்று சிரித்தார்.

சமையலறையிலிருந்து தோழியின் குரல் மட்டும் வந்தது. "நாலு வழியும் ஆம்பிளைங்களுக்குத்தானே சொல்றீங்க? நான் எந்த டீக்கடையில போய் உட்காருவேன்?"

அவர் பேச்சு நின்றுவிட்டது. எனக்கும் சுரீரென்றது. என் தோழி பி.எஸ்ஸி. முதல் வகுப்பு! கல்யாணமாகி வந்த புதிதில், தெருக்கோடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருந்ததாம். ஆள் எடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்ததாம். ஆலை வாசலில் ஒட்டிய காகிதமும் டீக்கடைப் பேச்சும் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததேயில்லை.

இப்போது? அந்த வீட்டில் எனக்குப் புரியாத சத்தம் ஒன்று ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. 'டிங்', 'டிங்' என்று. அரிசி களையும்போது ஒரு டிங், குழந்தைக்குத் தலை பின்னும்போது ஒரு டிங். தோழியின் மருமகள் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள்.

"என்னம்மா அது, அம்மா வீட்டிலிருந்தா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க ஆன்ட்டி. வேலை குரூப்பு."

மருமகள் பி.காம். படித்தவள். பாரிமுனையில் ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். ஆறு வருஷமாகிவிட்டது. அவள் கைக்குச் சொந்தமாக ஒரு கைப்பேசி வந்த கதையைக் கேளுங்கள். 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள் அல்லவா? நாத்தனார் பையன் இவர்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பாடமெல்லாம் போனில்தான் என்றதும் வீட்டில் கடன் வாங்கி ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். டீச்சர் வீட்டுப்பாடம் அனுப்புவதற்காகத் தாய்மார்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார். பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். தாய்மார்கள் குரூப்பை விடவில்லை! வீட்டுப்பாடம் போய் ரேஷன் சேதி வந்தது. ரேஷன் சேதிக்கு நடுவில் ஒருத்தி, "மணலியில ஒரு கம்பெனியில பேக்கிங் வேலைக்கு லேடீஸ் கேக்குறாங்க" என்று போட்டாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இப்போது அதில் இருநூறு பெண்களுக்கு மேல் இருக்கிறார்களாம்.

வேலை தேடும் வலைத்தளங்களைப் பற்றி நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். லிங்க்ட்இன் என்பது 2003-லேயே வந்துவிட்டது. என் அக்கா பேரன் அதில்தான் பெங்களூரில் வேலை வாங்கினான். ஆனால் அதெல்லாம் ஆங்கிலமும் பெரிய படிப்பும் உள்ளவர்கள் புழங்கும் இடம். எர்ணாவூர் குடியிருப்பில் பத்தாவது வரை படித்த ஒரு பெண்ணுக்கு லிங்க்ட்இன்னில் என்ன இருக்கிறது? அவளுக்கு வாட்ஸ்அப் போதும். எழுத வராவிட்டால் பேசியே அனுப்பிவிடலாம்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ஆலைகளே இடம் பெயர்ந்துகொண்டிருக்கின்றன. என்ஃபீல்டு 2013-ல் ஓரகடத்தில் பெரிய ஆலை திறந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. புதிய வேலைகள் ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் என்று ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கின்றன. அந்த ஆலை வாசல்களில் ஒட்டும் நோட்டீஸை விம்கோ நகரிலிருந்து யார் போய்த் தினமும் பார்க்க முடியும்? கைப்பேசிதான் இப்போது இவர்களுக்கு ஆலை வாசல். வேலை கிடைத்தால் போய்வர 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமும் இல்லை. மெட்ரோவும் இருக்கிறது.

சரி, நான் அங்கே இருந்த இரண்டாவது நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். மருமகள் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள். இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு விளம்பரத்துக்கு முதல் நாள் பயோடேட்டா அனுப்பியிருந்தாளாம். பதில் வந்துவிட்டது! வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. மாதம் 28,000 ரூபாய். ஒரு பெரிய கம்பெனியின் சின்னம் போட்ட காகிதம், கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் அச்சாக இருந்தன. கடைசி வரியில் மட்டும், "லேப்டாப் அனுப்புவதற்குக் காப்புத்தொகை 3,500 ரூபாய். இன்று மாலை 5 மணிக்குள் செலுத்தவும். பிறகு இடம் வேறு ஒருவருக்குத் தரப்படும்."

என் தோழி நெகிழ்ந்துபோய்விட்டாள். தனக்குக் கிடைக்காதது மருமகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பாள். பேசாமல் உள்ளே போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துணி முடிச்சு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். சீட்டுப் பணம். "இந்தாம்மா, கட்டிடு. உம் புருஷன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

மருமகள் வாங்கவில்லை. "இருங்க அத்தை. குரூப்புல கேட்டுட்டுக் கட்டலாம்" என்றாள். அந்தக் காகிதத்தைப் படம் பிடித்துப் போட்டு, 'இது யாருக்காவது வந்திருக்கா அக்கா?' என்று கேட்டாள்.

டிங்... டிங்... டிங்! மதியச் சாப்பாட்டுக்குள் நாலு பதில் வந்துவிட்டது. ஒருத்திக்கு இதே காகிதம், பெயர் மட்டும் வேறு. இன்னொருத்தி போன மாதம் பணம் கட்டியிருக்கிறாள். கட்டியதும், "வரிக்கு இன்னும் 2,000" என்றார்களாம். அதையும் கட்டியதும் நம்பரே அணைந்துவிட்டதாம். "வெக்கமா இருந்துச்சு, அதான் யார்கிட்டயும் சொல்லல" என்று குரல் பதிவில் சொன்னாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தோழியின் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தின் அடியில் காலடிப்பேட்டையில் ஒரு விலாசம் போட்டிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

"அந்த நம்பர்ல ஒரு ஜெராக்ஸ் கடைதாம்மா இருக்கு. கடைக்காரர் பாவம், 'நீங்க ஏழாவது ஆளு சார்'னு அழாத குறையா சொல்றாரு."

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியடியில் போய் ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்களை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோழி பணத்தைத் திரும்ப அரிசிக்குள் புதைத்தாள். 3,500 ரூபாய் தப்பிவிட்டது என்று சந்தோஷப்பட அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டு மணி நேரமாவது அவளுக்கு வேலை கிடைத்திருந்ததே!

இந்த மோசடியில் எத்தனை விதம் என்கிறீர்கள்! 'வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்' என்று டெலிகிராமில் கூப்பிடுவார்கள். முதலில் ஒன்றிரண்டு தடவை நிஜமாகவே பணம் வரும். நம்பிக்கை வந்ததும் 'கொஞ்சம் முதலீடு செய்யுங்கள்' என்பார்கள். அதற்குப் பிறகு போன பணம் போனதுதான். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளிப் போட்டால், பணம் பத்துக் கணக்கு மாறிப் போய்விடும். சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வேலை கொடுக்கிறவர் வேலைக்கு வருகிறவரிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஆதார் அட்டை நகலையும் முகம் தெரியாதவருக்கு அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் பயம். 2022-ல் 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை' என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரங்களை நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? போனில் மற்றவர்களை ஏமாற்றுவது! மறுத்தவர்களுக்கு அடி, உதை. அந்த அக்டோபரில்தான் 13 பேர் முதலில் சென்னைக்கு மீண்டு வந்தார்கள். படித்த பிள்ளைகள்தான். அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுதானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய்க்கும் அதன் மேல் வரிக்கும் அதிகமாகச் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி.

உள்ளூர் வேலைக்குத் தமிழ்நாடு அரசே 2020-ல் தனியார் துறை வேலைகளுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. கட்டணம் கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் 2010-லிருந்தே இணையத்தில் செய்துகொள்ளலாம். இதையெல்லாம் குரூப்பில் யாரோ ஒரு பெண் அழகாகப் பேசி அனுப்பியிருந்தாள். வானொலியில் மாதர் நிகழ்ச்சி கேட்ட மாதிரி இருந்தது!

அன்று சாயங்காலம் காற்று வாங்கக் கடற்கரைப் பக்கம் போனோம். பட்டினத்தார் சமாதிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஐஸ் பெட்டியும் தராசுமாக ஒரு மீன்கார அம்மாள். நான் சைவம். ஆனாலும் மீன் வியாபாரம் பார்ப்பதில் கொள்ளை ஆசை. அந்த அம்மாள் கூவவேயில்லை! விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்ததும் மீனைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுவாளாம். ஏழு மணிக்குள் பாதி மீன் விலை பேசி முடிந்துவிடுமாம்.

"இன்னா கண்ணு பண்றது, கூடைய தூக்கினு மூணு மாடி ஏறி எறங்கின முட்டி இது" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினாள். படம் பிடித்துப் போடப் பேத்தி கற்றுக்கொடுத்தாளாம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வருகிறதே, அப்போது கருவாட்டைப் போடுவாளாம். யாரிடமோ கடனுக்கு நிற்கிற பாக்கியைக் கூட ஒரு சிவப்பு மூஞ்சிப் பொம்மை அனுப்பியே வசூல் பண்ணிவிடுவதாகச் சொன்னபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கைப்பேசி வேலைக்கு மட்டுமில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பத்தருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது நினைவிருக்கிறதா? ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தைக் கறுப்பாக்கி ஏறக்குறைய மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அப்போது. "கண்ணு எரியுது, மூச்சு அடைக்குது. இன்னான்னே புரியல. யாரோ ஒரு பொண்ணு 'ஈரத்துணி மூஞ்சில கட்டினு மெயின் ரோட்டுக்கு ஓடுங்க'ன்னு பேசி அனுப்பிச்சா. அத்தக் கேட்டுத்தான் எங்க சொந்தக்காரங்க அத்தினி பேரும் கெளம்பினாங்க" என்றாள் மீன்கார அம்மாள். ஆலைச் சங்கு ஊதும் ஊர்தான். ஆனால் அவளுக்குச் சேதி சொன்னது முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரல்!

அதே குரல் பொய்யும் சொல்லும் என்பதையும் எழுதத்தான் வேண்டும். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாகக் கைப்பேசிகளில் பரவியது. பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்துவிட்டார்கள். இறந்தார்கள் என்பது பொய். ஆனால் விடுதியில் நெரிசல், சாப்பாடு சரியில்லை என்பதெல்லாம் பொய்யா? ஆலையை மூடி, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். விடுதிகளைச் சீர்படுத்த ஏற்பாடும் வந்தது. 'வதந்தி பரப்பினார்கள்' என்று பெண்களைக் குறை சொல்லிப் பேசியவர்கள், அதற்கு முன்னால் அந்தப் பெண்கள் மெதுவாகச் சொன்னபோது காது கொடுத்தார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையில் எழுதி என்ன பிரயோஜனம்! தோழியின் மருமகள் இரவு பன்னிரண்டு மணி வரை விளம்பரம் பார்க்கிறாள். காலையில் கழுத்து வலி, கண் எரிச்சல், கட்டை விரலில் குடைச்சல். 'நல்ல வேலை வேறு யாருக்காவது போய்விடுமோ' என்ற பதற்றம் வேறு. கண் மருத்துவர்கள் சொல்கிற சுலபமான வழி ஒன்று உண்டு. 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பார்ப்பது. "உங்களுக்கென்னம்மா, மாடிக்குப் போனால் கடலே இருக்கிறது" என்றேன். படுக்கைக்குப் போன் வேண்டாம், கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் போ என்று மாமியாரைக் கொண்டே சொல்ல வைத்தேன். நான் சொன்னால் அறிவுரை. அவள் சொன்னால் சண்டையாகிவிடுமோ என்று பயந்தேன். சண்டையெல்லாம் வரவில்லை. மருமகள் சிரித்துக்கொண்டே, "அத்தை, நீங்க சீரியல் பாக்கறதையும் பத்து மணிக்கு நிறுத்துங்க" என்றாள். சரியான போட்டி!

நம்பர் விவகாரம் ஒன்று இருக்கிறது. பெரிய பொதுக் குரூப்பில் பெண்ணின் நம்பர் தெரிந்துவிட்டால், வேலை வருகிறதோ இல்லையோ, வேண்டாத 'குட் மார்னிங்' வந்துவிடுகிறது. அதனால் இந்தத் தாய்மார்கள் குரூப்பில் பெண்கள் மட்டும்தான். புதிதாக ஒருத்தி சேர வேண்டுமானால் ஏற்கெனவே இருப்பவர் ஒருத்தி 'எனக்குத் தெரியும்' என்று சொல்ல வேண்டும். பழைய சிபாரிசுதான்! ஆனால் இந்தச் சிபாரிசுக்கு வெற்றிலை பாக்குத் தட்டு வேண்டாம்.

கார்த்திகை மாதக் கடைசியில் தோழி போன் செய்தாள். மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மணலி பக்கம் கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்குப் பதிவு. மாதம் 14,000 ரூபாய். அந்த 28,000-ல் பாதி. ஆனால் அங்கே ஒரு வாசல் இருக்கிறது, மேஜை இருக்கிறது, சம்பளம் வங்கிக்கு வருகிறது. பி.எஃப். பிடிப்பார்களா என்று சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாளாம். கெட்டிக்காரி! குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது தாத்தா பொறுப்பு.

தாத்தாவுக்கு இன்னொரு பொறுப்பும் வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடை விஷயத்துக்குப் பிறகு, குரூப்பில் வருகிற விலாசங்களை மருமகள் அவரிடம் கொடுக்க ஆரம்பித்தாள். மணலி, மாதவரம், எண்ணூர் என்று வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறார். கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து பேசிக் கொடுப்பார். மருமகள் அதைக் குரூப்பில் போடுவாள். பெட்ரோலுக்கு யாராவது காசு அனுப்பினால் வாங்குவதில்லையாம். "வீட்டுல உக்காந்திருந்தா கை கால் புடிச்சுக்குது" என்கிறாராம்.

போன வாரம் தோழி எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள். பின்னால் லாரி ஹாரன் அடிக்கிற சத்தம். நடுவில் அவர் குரல்:

"வணக்கம்மா. நேத்து போட்டிருந்த அந்த பேக்கிங் கம்பெனிக்குப் போயிருந்தேன். கம்பெனி இருக்கு. போர்டு இருக்கு. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், நெஜமாத்தான் ஆள் எடுக்குறாங்க. காசு எதுவும் கட்ட வேணாம். பஸ் ஸ்டாப்புல இருந்து பத்து நிமிஷம் நடக்கணும், வழியில லைட்டு கம்மி. ஷிஃப்ட் ராத்திரி எத்தினி மணிக்கு முடியுது, லேடீஸுக்கு வண்டி விடுவாங்களா, தனி பாத்ரூம் இருக்கான்னு மேனேஜரைக் கேக்கணும். அவரு சாப்பிடப் போயிட்டாரு. நாளைக்குப் போய்க் கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் ஆதார் அனுப்ப வேணாம்."